பங்கருக்கு மேல் பூசணி

குசினிக் கதவு நிலையில் கை ஊன்றி நின்று கோழிகளுக்குக் குறுணல் எறிந்துகொண்டிருந்தேன். என் பெருவிரல் மரத்துக்குள் போய்விட்டது. வெடிப்பு ஒன்றும் அங்கே இருக்கவில்லை. நல்ல மரம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த இடத்தில், பச்சைப் பெயின்ற்றைக் கிழித்துக்கொண்டு நகம் முழுக்க உள்ளே போனது. இழுத்து எடுத்தேன். விரலில் ஈரமண். அந்த ஓட்டைக்குள் வெள்ளை வெள்ளையாகக் கறையான்கள் வெளிச்சத்தைக் கண்டு ஓடின.

சமாதானம் வந்து இரண்டாவது மாரி முடிந்திருந்த நேரம் அது. கண்டாவளைப் பக்கம் வாய்க்காலோரம் எங்களுக்குக் கிடைத்த காணியில் இரண்டு அறையும் ஒரு குசினியும் கட்டியிருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிவந்த காலத்தில் கொட்டிலாக இருந்ததைக் கல்வீடாக்க எனக்கு ஏழு வருடம் பிடித்தது. எனக்கு என்று சொல்வது சரிதான். கல் சுமந்தது நான். அந்த வீட்டில்தான் விரல் போனது.

கத்திப் பிடியால் நிலையை மேலிருந்து கீழே தட்டிக்கொண்டு வந்தேன். வெறும் பெட்டியைத் தட்டுவதுபோல் கேட்டது. நிலையின் அடியிலிருந்து ஒரு மண்கோடு இறங்கி, அத்திவாரத்தின் மேலாகப் போய், வெளியே நிலத்துக்குள் மறைந்தது. மண்வெட்டியை எடுத்து அந்தக் கோட்டைத் துரத்திக்கொண்டு போனேன். எட்டடி போனதும் அது எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டது. பங்கருக்குப் போனது.

எங்கள் பங்கர் குசினிக்குப் பின்னால் இருந்தது. சண்டைக் காலத்தில் என் புருஷன் வெட்டியது. ஆள் குனிந்து இறங்கக்கூடிய ஆழம், 'ட' போல் ஒரு முறிவு வைத்த கிடங்கு. மேலே பனங்குற்றிகள் அடுக்கி, உரப்பையில் மண் நிரப்பி வைத்து, அதற்கு மேல் இன்னும் மண். என் மகள் பேசப் பழகியது அதற்குள்தான் என்று சொன்னாலும் பொய் இல்லை. சமாதானம் வந்ததும் ஊரில் எல்லோரும் பங்கரை மூடினார்கள். சிலர் குப்பைக் கிடங்காக்கினார்கள். பக்கத்துக் காணிக்காரி தன்னுடையதில் தண்ணீர் தேக்கி வாத்து விட்டாள். எங்களுடையது மட்டும் அப்படியே கிடந்தது.

அதற்காக நான் போட்ட சண்டை கொஞ்சநஞ்சம் இல்லை.

"இஞ்சேருங்கோ, உதை மூடுங்கோ. பாம்பு வருகுது, நுளம்பு வருகுது. சண்டைதான் முடிஞ்சுதே."

"ஆர் சொன்னது முடிஞ்செண்டு?"

"முழு நாடும் சொல்லுது."

"நாடு சொல்லும். பிளேன்காரன் வந்து சொல்லட்டும், மூடுறன்."

அவர் அப்படித்தான். அதிகம் பேசமாட்டார். பேசினால் அதற்கு மேல் பேச இடம் வைக்கமாட்டார். எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. மூடாவிட்டால் போ, அது எனக்காவது உதவட்டும் என்று பங்கருக்கு மேலே பூசணி போட்டேன். கொடி நன்றாகப் படர்ந்தது. முதல் வருடமே பதினொரு காய். வருகிறவர்களுக்கெல்லாம், "இது பங்கர்ப் பூசணி, குண்டு விழுந்தாலும் உடையாது" என்று சொல்லிக் கொடுத்தேன். அவருக்குக் கேட்கவேண்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.

கறையானைக் கண்ட அன்றைக்கு அவர் வயலால் வந்து சைக்கிளைச் சாத்த முன்னமே தொடங்கிவிட்டேன்.

"வந்து பாருங்கோ உங்கடை பங்கர் செய்த வேலையை. நாளைக்கு நாளைக்கு எண்டு வைச்சிருந்தியள். உங்கடை நாளைக்கு என்ரை வீட்டைத் தின்னுது."

அவர் நிலையை அமத்திப் பார்த்தார். "நிலையை மாத்துவம்" என்றார்.

"நிலையை மாத்தி? அதையும் தின்னட்டும் எண்டோ? குற்றியெல்லாத்தையும் எடுத்து எரியுங்கோ."

"பங்கரைத் தொடாதையும்."

"அப்ப வீட்டைக் குடுப்பம்."

"தொடாதையும் எண்டால் தொடாதையும்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. வீடா, பங்கரா. இரண்டையும் வைத்திருக்க ஏலாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நிலையிலிருந்து கூரைச் சலாகைக்கு அவை ஏற எத்தனை நாள் எடுக்கும்? கூரை விழுந்தால் அதை மறுபடி போட எனக்கு இன்னொரு ஏழு வருடம் இருக்கிறதா? அவரோ சண்டை வந்தால் பிள்ளையை எங்கே வைப்பது என்று கேட்கிற ஆள். அந்தக் கேள்விதான் என்னை அவ்வளவு கத்த வைத்தது.

பங்கரைத் தொடாமல் கறையானைக் கொல்ல வேறு வழி பார்த்தோம். ஓட்டைக்குள் மண்ணெண்ணெய் விட்டேன். இரண்டு நாள் அடங்கிவிட்டு மூன்றாம் நாள் ஒரு சாண் தள்ளி வந்தன. அடுப்புச் சாம்பல் கொட்டினேன். சாம்பலுக்கு மேலால் மண்குழாய் கட்டிக்கொண்டு போயின. அவர் நெல் ஆலைக்குப் போய் எஞ்சினில் வடித்த கழிவு ஒயில் ஒரு தகரம் கொண்டுவந்து நிலைக்கும் சலாகைக்கும் பூசினார். ஒயில் பட்ட இடத்தை விட்டுவிட்டன. படாத இடம் ஒன்று எப்படியும் இருந்தது. கடைசியில் வவுனியாவுக்கு பஸ் ஏறிப் போய் மருந்துப் போத்தல் ஒன்று வாங்கிவந்தார். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் சாமான் இறக்கி ஏற்றும்போது இது என்ன என்று கேட்டார்களாம். கறையானுக்கு என்றாராம். கேட்டவன் சிரித்தானாம். அந்த மருந்தில் என் கோழி ஒன்று செத்தது. கறையான் மற்றப் பக்கத்தால் வந்தது.

இதற்கிடையில் பூசணிக் கொடிக்கு நடுவே பங்கருக்கு மேல் ஒரு முழ உயரத்துக்குப் புற்று எழும்பிவிட்டது. வாத்துக்காரி ஒரு வெள்ளிக்கிழமை முழுகிவிட்டு, செம்பில் பாலோடு வந்து நின்றாள்.

"அக்கா, நாகதம்பிரான் தேடி வந்திருக்கிறார். உங்களுக்கு நல்ல காலம். கை வைச்சிடாதேங்கோ."

"நாகதம்பிரானுக்கு வேணுமெண்டால் உன்ரை வாத்துக் கிடங்கிலை வந்து இருக்கச் சொல்லு. பாலைக் கொண்டுபோய்ப் பிள்ளையளுக்குக் குடு."

"உங்கடை வாய் இருக்கே அக்கா, அதுக்குத்தான் கறையான் மருந்து அடிக்கோணும்."

அவள் பாலை ஊற்றிவிட்டுத்தான் போனாள். நான் அடுத்த நிமிடமே அலவாங்கால் புற்றை இடித்தேன். ஒரு கிழமையில் பழையபடி எழும்பியது.

நிலையை எப்படியும் மாற்றவேண்டியிருந்தது. முல்லைத்தீவிலிருந்து தச்சுவேலைக்கார நானா ஒருவர் மோட்டார்சைக்கிளில் வந்து கதவு நிலைகளுக்கு அளவெடுத்துப் போவார். முஸ்லிம் சனம் திரும்பி வரத் தொடங்கியிருந்த காலம். அவர் பன்னிரண்டு வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டு வந்து பார்த்தபோது அவருடைய வீட்டில் ஒரு நிலைகூட இல்லையாம், சுவர்தான் நின்றதாம். இயக்கம் அவர்களை ஊரைவிட்டுப் போகச் சொன்ன நேரம் நாங்கள் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அதை அவர் எங்களிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். ஊர் ஊராகப் போய் மற்றவர்களின் கதவுக்கு அளவெடுத்தார்.

நிலையை ஒருமுறை தட்டினார், போதும் என்றார். பிறகு நான் சொல்லாமலே மண்கோட்டைப் பார்த்து, பங்கரடிக்குப் போய், குனிந்து உள்ளே இறங்கி, குற்றிகளைச் சுத்தியலால் தட்டினார். என் புருஷன் வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நானா தலையில் மண்ணோடு ஏறி வந்தார்.

"ஆர் தங்கச்சி இதுக்குத் தண்ணி ஊத்தினது?"

நான் பூசணிக் கொடியைப் பார்த்தேன்.

"மேல் மண் சேறாக் கிடக்கு. மழை விட்டு எவ்வளவு நாள்? ஆரோ ஒவ்வொரு நாளும் ஊத்தியிருக்கிறீங்க."

சண்டைக் காலத்தில் பங்கருக்கு மேலே புல் பச்சையாக இருக்கவேண்டும். காய்ந்தால் மேலேயிருந்து தனியாகத் தெரியும். அதற்காக அரிசி கழுவின தண்ணீர், சட்டி கழுவின தண்ணீர் எல்லாம் அங்கேதான் ஊற்றுவேன். பிறகு பூசணி. காலையில் ஒரு வாளி, பின்னேரம் ஒரு வாளி. அத்தனை வருடம். மற்ற வீடுகளில் பங்கரை மூடினபடியால் தண்ணீரும் நின்றது. என் வீட்டில் கோபத்துக்காக ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

"பூசணிக்கு" என்றேன்.

நானா சிரித்துவிட்டார். "இருட்டு, ஈரம், இளமரம். கறையானுக்கு வேறை என்ன வேணும்? நீங்க கலியாண வீடெல்லோ நடத்தியிருக்கிறீங்க."

என் புருஷன் என்னைப் பார்ப்பார், இப்போது தன் பங்குக்குச் சொல்லுவார் என்று காத்திருந்தேன். அவர் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் நானா சொன்ன மூன்றாவது சொல் எனக்கு உறைத்தது.

"இளமரமோ?"

"ஓம். வைரம் ஏறாத பனை. வெளிக்கட்டு மெல்லிசு, உள்ளுக்கை முழுக்கச் சோத்தி, மெத்தெண்டு கிடக்கு. கறையான் தின்னாட்டியும் இது பாரம் தாங்கியிராது" என்றார் நானா. சொன்ன பிறகு என் புருஷனின் முகத்தைப் பார்த்தார். பார்த்தவர் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு குசினிப் பக்கம் போய்விட்டார்.

அடுத்த நாள் என் புருஷனே அலவாங்கை எடுத்தார். பூசணிக் கொடியைப் பிடுங்கினோம், மண்ணை வழித்தோம், உரப்பைகள் கையோடு பிய்ந்தன. முதல் குற்றியை இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையில் தூக்கினோம். பாரமாகத்தான் இருந்தது. பாரம் முழுக்க மண்ணின் பாரம் என்று கீழே போட்டபோது தெரிந்தது. நடுவால் முறிந்து இரண்டாகக் கிடந்தது. உள்ளே மரம் என்று ஒன்றும் இல்லை. அடுக்கடுக்காக மண், அதற்குள் கறையான்.

அந்தக் குற்றிக்கு நேர் கீழேதான் மகளை மடியில் வைத்துக்கொண்டு இருப்பேன்.

"உங்களுக்குத் தெரியுமோ இது இளம்பனை எண்டு?"

"தெரியும்."

"எப்பவிருந்து?"

"தறிக்கேக்கையே தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ எங்களை அதுக்கை இருத்தினனீங்கள்?"

"வேறை எதுக்கை இருத்துறது?" அவர் முதல்முறையாகச் சத்தம் போட்டார். "முத்தினது எல்லாத்தையும் அதுக்கு முதலே தறிச்சுப்போட்டாங்கள். நாங்கள் வரேக்கை நிண்டது உதுதான். சொன்னால் நீர் இறங்கியிருப்பீரோ? உள்ளுக்கை போனால்தான் பிள்ளை அழுகிறதை நிப்பாட்டினவள்."

பன்னிரண்டு குற்றி. எல்லாவற்றையும் வளவின் மூலையில் போட்டு எரித்தோம். மிச்சமிருந்த சோத்தி ஈரம், தீ பிடிக்கவில்லை. மூன்று நாள் புகைந்தது. மகள் பள்ளிக்கூடத்தால் வந்து, "அம்மா, இனிப் பிளேன் வராதோ?" என்று கேட்டாள். வராது என்று சொன்னேன். அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு கிடங்கை மூடினார்.

நானா முதிரை மரத்தில் நிலையும் கதவும் செய்து கொண்டுவந்து பூட்டித் தந்தார். அப்படி ஒரு கதவு அந்தப் பக்கத்தில் யாரிடமும் இல்லை. தட்டினால் கல்லைத் தட்டுவதுபோல் இருக்கும். நான் ஒவ்வொரு காலையும் தட்டினேன். கத்திப் பிடியால் நிலை, கதவு, பிறகு சலாகை. அது பழக்கமாகிவிட்டது. கேட்கிறவர்களுக்குக் கறையான் பயம் என்று சொன்னேன்.

உண்மையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சண்டையில் நான் வென்றிருந்தேன். வீடு நின்றது, பங்கர் போய்விட்டது. ஆனால் மூடின இடம் அந்த மாரிக்கே தாழ்ந்துவிட்டது. மழை விட்டதும் முறிவு வைத்த பங்கரின் வடிவம் அப்படியே நிலத்தில் பதிந்து தெரிந்தது. மண் கொண்டுவந்து கொட்டினேன். அடுத்த மாரிக்குத் திரும்பவும் தாழ்ந்தது. கிளிநொச்சிச் சந்தைக்குப் போனால், சனம் கூடி நின்று கதைத்தால், ஏதாவது செய்தி வந்துவிட்டதோ என்று கிட்டப் போய்க் கேட்பேன். வீட்டுக்கு வந்து திரும்பவும் கதவைத் தட்டுவேன்.

பிறகு சமாதானம் முறிந்து பாதை பூட்டினார்கள். நானா குடும்பத்தோடு புத்தளத்துக்கே போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அதன் பிறகு ஒரு காலை, நான் அடுப்படியில் நின்றபோது அந்தச் சத்தம் கேட்டது. எத்தனை வருடம் கேட்காமல் இருந்தாலும் மறக்காத சத்தம். "பிள்ளை!" என்று கத்திக்கொண்டு வெளியே ஓடினேன்.

மகள் எனக்கு முன்னமே ஓடியிருந்தாள். பத்து வயது. குசினிக்குப் பின்னால், அந்தத் தாழ்ந்த மண்ணுக்கு மேல் நின்றாள். அவளுடைய கால்கள் சரியான இடத்துக்குத்தான் போயிருந்தன. இறங்க வாசல் இல்லை. காலடியைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள். அழவில்லை. அடுத்தது என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் வாய்க்காலுக்குள் விழுந்தேன். குண்டு வேறு எங்கேயோ விழுந்தது. சத்தம் போன பிறகும் அந்தச் சேற்றிலிருந்து நான் எழும்பவில்லை. அவர் வயலிலிருந்து ஓடி வந்தார். "நான் சொன்னனான்தானே" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே அவரைக் கொன்றிருப்பேன். அவர் வாய்க்காலுக்குள் இறங்கி மகளின் தலையில் இருந்த சேற்றை வழித்தார்.

"எங்கை வெட்டுவம்?" என்று நான்தான் கேட்டேன்.

இந்த முறை வீட்டிலிருந்து முப்பது அடி தள்ளி, மேட்டில் வெட்டினோம். குற்றிக்கு அவர் எங்கெல்லாம் அலைந்தார் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து போட, நான் கத்திப் பிடியால் தட்டுவேன். இரண்டைத் திருப்பி அனுப்பினேன்.

"நானாவே பறவாயில்லை" என்றார்.

"நானா ஒருக்காத்தான் வந்தவர். நான் ஒவ்வொரு நாளும் தட்டுவன்."

ஆலையில் கழிவு ஒயில் கிடைப்பது பெரிய பாடாகிவிட்டது. எஞ்சினே ஓடாதபோது ஒயில் எங்கே வடியும்? கிடைத்ததைத் துணியில் தோய்த்து, வெட்டுமுகத்தில் இரண்டு தரம், உடம்பில் ஒரு தரம் பூசினேன். தண்ணீர் ஒரு சொட்டு ஊற்றவில்லை. புல்லுக்குப் பதிலாகக் காய்ந்த ஓலை போட்டு, கிழமைக்கு ஒருமுறை மாற்றினேன். வாத்துக்காரி வேலிக்கு மேலால், "பூசணி போடேல்லையோ அக்கா?" என்று கேட்டாள். அவள் தன்னுடைய கிடங்கிலிருந்து வாத்துகளைத் துரத்திவிட்டுத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது.

அந்தப் பங்கர் எங்களை இரண்டு வருடம் வைத்திருந்தது. ஷெல் விழுந்து வீட்டின் ஒரு மூலைத் தகரம் பறந்த அன்றும் அதற்குள் மண் உதிரவில்லை.

கடைசி மாரியில், அடைமழைக்குள் எங்களையும் ஊரைவிட்டு எழும்பச் சொல்லிவிட்டார்கள். தருமபுரம் பக்கம் போகவேண்டும். ஒரு உழவு இயந்திரப் பெட்டி இரண்டு குடும்பத்துக்கு, எங்களுக்கு அதில் பாதி. சட்டி பானை, நெல், உடுப்பு ஏற்றின பிறகு கொஞ்ச இடம் மிச்சம். அவர் அலவாங்கோடு குசினிக்குள் போனார். நான் பின்னால் போனேன். முதிரைக் கதவைக் கழற்றத் தொடங்கியிருந்தார்.

"என்ன செய்யிறியள்?"

"கதவை ஏத்துவம். நிலையையும் பேர்த்து எடுக்கிறன். எங்கையாவது ஒரு கொட்டில் போட்டால் உமக்குக் கதவெண்டாவது இருக்கட்டும்."

"விடுங்கோ அதை."

"நீர் ஆசைப்பட்ட கதவு."

"கதவு வேண்டாம். குற்றியை ஏத்துங்கோ."

"குற்றி போற இடத்திலை தறிக்கலாம்."

"என்னத்தைத் தறிப்பியள்? முழுச் சனமும் அங்கைதான் போகுது. எங்களுக்கு முதலே தறிச்சிருப்பாங்கள். திரும்பவும் இளம்பனையோ?"

அவர் கதவைப் பிடித்தபடி நின்றார். உழவு இயந்திரக்காரர் வெளியே, "அக்கா, ரெண்டு பேரும் சண்டையைப் பெட்டிக்குள்ளை வந்து பிடியுங்கோ, நேரமில்லை" என்று கத்தினார்.

பங்கர் மண்ணை நான்தான் முதலில் வழிக்கத் தொடங்கினேன். மழையில் மண் வழுக்கியது. மகளும் வந்து கை கொடுத்தாள். அவர் வந்து மற்ற முனையைப் பிடித்தார். ஒவ்வொரு குற்றியையும் ஏற்ற முன் தட்டினேன். ஒன்பது கல்லுப்போல. பத்தாவதில் ஒரு முனையில் சத்தம் வேறாகக் கேட்டது. மழைச் சத்தமோ, மரமோ, சரியாகத் தெரியவில்லை. "விடுங்கோ" என்றேன். அதைச் சேற்றில் போட்டுவிட்டு வந்தோம். கதவு ஒரு பிணைச்சலில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை நான் திரும்பிப் பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

தருமபுரத்தில் ஒரு தென்னங்காணியில் இடம் கிடைத்தது. தலைக்கு மேல் தறப்பாள் கட்ட முன்னம் கிடங்கு வெட்டினோம். குற்றிகளை அடுக்க எடுத்தபோது ஒன்றின் பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு மண்கோடு. எங்களோடு பெட்டியில் ஏறி வந்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். உள்ளே மரம் உறுதியாக இருந்தது. இன்னும் தொடங்கவில்லை.

"ஒயில் இல்லையே" என்றார் அவர்.

"இருக்கு" என்றேன். அரிசிப் பானைக்குள் துணி சுற்றி வைத்திருந்த போத்தலை எடுத்துக் கொடுத்தேன்.

"சோத்து அரிசிக்கையோ வைச்சனீர்?"

"வேறை எதுக்கை வைக்கிறது?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு துணியைத் தோய்த்து, அந்தக் கோட்டுக்கு மேல் பூசத் தொடங்கினார்.